சுருள வேண்டிய ஓரம்

டிச. 10, புதன்
எங்கள் ஊர் மண்ணரையில் காலையிலேயே பனி. நாளை கோவையில் கருத்தரங்கு. என் போஸ்டரைப் பேப்பரில் அடிக்காமல் பனியன் தைக்கும் சிங்கிள் ஜெர்சித் துணியிலேயே அச்சடித்தாயிற்று. வெட்டிய ஓரம் தானாகவே சுருளும். ஆராய்ச்சியும் அதுதான்: ஏன் சுருளுகிறது, எவ்வளவு சுருளும். பார்த்தாலே புரிந்துவிடும், வாயே திறக்க வேண்டாம்.

கைடு சொன்னது: கூட்டமாகத் திரியாதே. டீ இடைவேளையை வீணாக்காதே. உன் வேலையை மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகு. ‘மெயில் போடுங்க’ என்றால் அது பதில் இல்லை, தேதி கேள்.

வேண்டியது ஒருவரைத்தான். சென்னைப் பேராசிரியை. துணியின் வளைவை அளக்கும் கருவி அவர் லேபில் இருக்கிறது, எங்களிடம் இல்லை. அது கிடைக்காவிட்டால் தீசிஸ் அப்படியே நிற்கும்.

மூன்று வாக்கியமும் மனப்பாடம். கண்ணாடி முன் இருபது தடவையாவது. அம்மா எட்டிப் பார்த்து, “யாருகிட்டக் கண்ணு பேசற?” “ஒண்ணுமில்லம்மா.”

டிச. 11, வியாழன்
பஸ்ஸில் நின்றபடியே கோவை. கூட வந்த லேப் நண்பன் பிரபு, இறங்கியதும் கருத்தரங்கின் இலவசப் பை வாங்க ஓடிவிட்டான்.

போஸ்டரை விரித்தேன். நான்கு ஓரமும் மடித்து, வீட்டு மெஷினில் அடித்து, அயர்ன் பண்ணி, பலகை மாதிரி நேராக. அம்மாவின் கைவேலை! பனியன் கம்பெனியில் முன்பு டெய்லர், இப்போது செக்கிங் வேலை. ஓரம் பிரிந்த பீஸைக் கண்டால் கை சும்மா இருக்காது. உடனே அம்மாவுக்குப் போன்.

“பாத்துட்டியா சாமி? அப்படியே கொண்டுபோனா ரிஜெக்ட் பண்ணீருவாங்கல்ல? அதான் ராத்திரியே அடிச்சு வெச்சேன். சுருளாம நிக்குதா?”

கத்தத்தான் வாயைத் திறந்தேன். “நிக்குதும்மா.”

நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி, டிரிம்மர், அதையும் அம்மா பையில் போட்டு வைத்திருந்தார். அதை வைத்தே பிரித்தேன். நெருக்கமான தையல், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இரண்டு பக்கம் முடிந்தது. நேரம் இருந்தது, கை ஓடவில்லை. பிரபு: “ஏன்டா, பாதிப் பழம் உரிச்ச மாதிரி நிக்குது?” அவன் பையைப் பிடுங்கிக் கீழே போட்டேன்.

மதியம் பேராசிரியை வந்தார். முதல் வாக்கியம் ஆரம்பித்தேன். அவர் ஊசித் துளைகளையே பார்த்தார்.

“ஏன் தம்பி பாதி மட்டும் பிரிச்சிருக்கீங்க?”

“அம்மா தைச்சுட்டாங்க மேடம். சுருளணும், அதனால பிரிச்சேன்.”

“மீதி?”

“மனசு வரலைங்க.”

சிரித்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி. ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றேன். கருவி வேண்டும் என்று நேராகவே கேட்டேன்.

“மெயில் போடுங்க.”

“எந்தத் தேதிக்கு வரட்டுங்க மேடம்?”

பிரபு காலை மிதித்தான். அவர் போனில் காலண்டரைப் பார்த்து, “பொங்கல் முடிஞ்ச திங்கக்கிழமை வாங்க. சாம்பிள் நிறையக் கொண்டுவாங்க. யாரும் தைக்காத சாம்பிள்.”

கிடைத்துவிட்டது!

டிச. 13, சனி
நேற்று மீதி அமர்வுகள். இரண்டு நன்று, ஒன்றில் தூக்கம்.

இன்று வெயில். துவைக்க வேண்டியவை: சட்டை 2, துண்டு. போஸ்டரை ஒளிக்க மறந்துவிட்டேன். அம்மா பையைக் கவிழ்த்தபோது அதுவும் விழுந்தது. பிரித்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, தையல் கோணலாப் போச்சா?”

இதற்குத்தான் பயந்தேன். அம்மா தைத்து ரிஜெக்ட் ஆனதே கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரித்த பக்கத்தை இழுத்து விடச் சொன்னேன். விட்டார். சுருண்டது.

“இதைத்தாம்மா நான் படிக்கறேன். இது ஏன் சுருளுதுன்னு.”

“இதையா? ரெண்டு வருசமா இதையவா?”

“ஆமா.”

“அட சாமி! எங்கம்பெனில டெய்லி இதோட மல்லுக்கட்டறோம். மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு மெனக்கெட்டு அடிக்கறேன்?”

யார் யாருக்கோ சொல்ல மூன்று வாக்கியம். அம்மாவிடம் அதில் ஒன்றுகூடச் சொன்னதில்லை. இப்போது மூன்றையும் சொன்னேன். மூன்றாவது புரியவில்லையாம். திருப்பிச் சொன்னேன். அதுவும் புரியவில்லை. வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

மாலை, சாம்பிளுக்குத் துணி வெட்டல். நான் வெட்ட, அம்மா அடுக்க. நாலாவது பீஸிலேயே அம்மாவின் கை தானாக ஓரத்தை மடிக்கிறது. தட்டிவிட்டேன்.

“பழக்கம் சாமி,” என்று சிரிப்பு. ஐந்தாவதிலும் மடிப்பு.