குளியலறைக் கதவும் நாலு நாள் லீவும்

செவ்வாய்க்கிழமை, அந்தமான்.

ஊரில், செக்காலையில் இருக்கிற மரப்பட்டறையை இவர் பொங்கலுக்கு மட்டும்தான் பூட்டுவார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக நாலு நாள் லீவு போடவைத்து, கடலோரமாக ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, மகளோடு வந்திருக்கிறோம். இங்கே மரத்தைத் தொடக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தேன்.

இன்று காலை குளிக்கப் போனால் குளியலறைக்குக் கதவைக் காணோம். வராந்தாவில் இரண்டு நாற்காலி மேல் கிடக்கிறது. இவர் இழைத்துக்கொண்டிருக்கிறார். இழைப்புளியை என் சேலைகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்!

"என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீக?"

"அடியில உரசுச்சு. ரெண்டு நாளா அதே நெனப்பு, தூக்கமே இல்ல."

நான் கத்துவதற்குள் வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். ராமநாதபுரத்துக்காரர், இங்கேயே குடியேறியவர். "கதவு எங்க?" என்றார்.

"வெயில்ல காயப் போட்டிருக்கேன்" என்றார் இவர்.

அந்த அம்மா பெட்டியோடு எங்களை வெளியே நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். இவர் அவசரமாகக் கதவை மாட்டினார். அந்த அம்மா ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"எங்க வீட்டுலயும் நாலு கதவு இப்படித்தேன் உரசுது" என்றார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றேன், கோபமாகத்தான்.

நானும் மகளும் கடலுக்குப் போனோம். சாயங்காலம் வரை இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தேன். யாரும் டீ கேட்கவில்லை.

இருட்டும்போது தலையெல்லாம் மரத்தூளோடு வந்தார். "இன்னைக்குத்தேன் லீவு மாதிரி இருந்துச்சு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இவரிடம் சொல்லவில்லை.