கூடப்பிறந்தவர்களுக்குள் பங்கு ஏது

அன்புத் தோழி,

இன்று காலை அச்சுப்பொறியிலிருந்து சூடு ஆறாமல் வந்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தேன். இந்நகரின் எப்சம் பகுதியில் நீயும் உன் அண்ணனும் சேர்ந்து வாங்கிய வீட்டின் உரிமைச் சான்று அது. உரிமையாளர் என்னுமிடத்தில் உன் அண்ணனின் பெயர் மட்டுமே இருந்தது. உன் உடலை எரியூட்டிய நாளிற்கூட, நீ இல்லை என்பதை நான் இத்துணை உறுதியாக உணரவில்லை.

சட்டம் இதிற் பிழை செய்யவில்லை என்பதே என் துயரம். அச்சட்டத்தை நாமிருவரும் அருகருகே அமர்ந்து கற்றோம். யுத்தத்தில் பள்ளியை இழந்து, அகராதியின் துணையோடு ஆங்கிலத்தை எனக்கு நானே கற்பித்து, தலை நரைக்கத் தொடங்கிய பின் சட்ட வகுப்புக்கு வந்தவள் நான். கணவனைப் பிரிந்து, கைக்குழந்தையாயிருந்த மகளுடன் சென்னையிலிருந்து இந்நாட்டில் வாழ்ந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தவள் நீ. எங்கள் ஊர்ப் பேச்சில் நான் வீட்டு உறுதி என்பதை நீ பத்திரம் என்பாய். ஒவ்வொரு சட்டச் சொல்லுக்கும் நான் தமிழில் நிகர் தேடுவதைக் கண்டு, "அம்மா தாயே, உன் செந்தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரையும் சேத்து வெச்சுக்குடுடீ" என்று கேலி செய்வாய்.

இருவர் ஒரு வீட்டை எவ்விரு முறைகளில் உடைமையாக்கலாம் என்ற பாடம் எனக்கு எளிதில் விளங்கவில்லை. நீதான் ஒரே வீச்சில் உடைத்துச் சொன்னாய்: "ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடறது. ஒருத்தர் எழுந்து போயிட்டா மிச்சம் முழுசும் மத்தவருக்கு. இன்னொண்ணு, தனித்தனி இலை. நீ எழுந்து போனாலும் உன் இலை உன் பிள்ளைக்கு." தேர்வில் அதைத்தான் நான் கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதினேன்.

பின்னர் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் இருவரும் பயிற்சிக்குச் சேர்ந்தோம். வீடு வாங்குவோரிடம் இவ்விரண்டில் எது வேண்டுமெனக் கேட்பது நம் கடமைகளுள் ஒன்று. நம்மவரிடம் அதைக் கேட்பது எத்துணை கடினம்! ராகு காலம் விலக்கி, நெற்றியில் திருநீற்றோடு கையெழுத்திட வந்தவர்களிடம், உங்களில் ஒருவர் இறந்தால் என்று எவ்வாறு தொடங்குவது? அநேகர் நம்மை முடிக்கவே விட்டதில்லை.

நீயும் விடவில்லை. உன் வீட்டு ஆவணங்கள் வேறோர் அலுவலகத்தில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. மதிய உணவுக்காகக் கடற்கரையோரம் காரை நிறுத்தியபோது நான் கேட்டேன்.

"பங்கைப் பிரிச்சு எழுதுறியள்தானே? நாளைக்கு ஏதும் நடந்தால் பிள்ளைக்கு ஒண்டும் இல்லாமல் போகும்."

"நல்ல நாள் அதுவுமா வாயை வெக்காதே. அண்ணன்கிட்டப் போய், நான் செத்தா என் பங்கு எங்கன்னு கேக்கவா?"

"நீயே மற்ற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற விசயம்தானே."

"அவங்கல்லாம் கட்சிக்காரங்க. இவர் என் அண்ணன்."

ஒரே தட்டு என்ற முறையிலேயே நீ கையெழுத்திட்டாய்.

சென்ற வாரம் உன் அண்ணன் என்னிடம் வந்தார். வீட்டை விற்றுக் குடும்பத்தோடு கடல் கடந்து பிரிஸ்பேனுக்குச் செல்லப்போகிறாராம். விற்பனையை நானே முடித்துத்தர வேண்டுமாம். உன் மகளின் பங்கைக் குறித்துக் கேட்டேன். "பங்கா? அவ எனக்கும் பொண்ணுதாம்மா. எங்ககூட வந்துடுவா. கூடப்பிறந்தவங்களுக்குள்ள என்ன பங்கு?" என்றார். அவர் முகத்திற் கள்ளமில்லை. கள்ளம் இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாயிருக்கும். உன் மகளை அறிந்தவள் என்பதால் இப்பணியை ஏற்கவியலாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

உன் மகள் இந்நகரிலேயே ஆல்பனியிற் படிக்கிறாள். பிரிஸ்பேனுக்குச் செல்ல அவளுக்கு விருப்பமில்லை. இன்று வந்து இந்தத் தாளை வாசித்தாள். அவளுக்கெனத் தனியாக ஒரு சட்டத்தரணியைப் பார்க்கும்படி சொன்னேன். தலையசைத்தாள். அவள் கேட்க வந்தது வேறு.

"டிட் அம்மா நோ, ஆன்ட்டி? இப்படி ஆகும்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

அறியாமற் செய்தாய் என்று சொல்லியிருந்தால் அவள் மனம் ஆறியிருக்கும். உன் படிப்பு பொய்த்திருக்கும். "ஓம் பிள்ளை, வடிவாத் தெரியும். எல்லாம் விளங்கித்தான் செய்தவ" என்றேன். பின், மருத்துவமனையில் உன் கட்டிலருகே நான் மீண்டும் அப்பேச்சை எடுத்தபோது நீ சொன்னதைச் சொன்னேன்: "எழுதி வாங்கினா அண்ணன் பேப்பர்ல இருக்கிறதை மட்டும் குடுப்பார். எழுதலைன்னா அவளைப் பாத்துக்குவார்."

அவள் தாளை மேசையில் திருப்பி வைத்தாள். "இதை மாமாகிட்ட யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். எவரும் சொல்லவில்லை.

ஆகவே நாளை நான் அவர் வீட்டுக்குச் செல்கிறேன். சட்டத்தரணியாக அன்று, உன் தோழியாக. கையொப்பமில்லாத, சாட்சியில்லாத, எந்த நீதிமன்றமும் செல்லாதென்று ஒதுக்கக்கூடிய உன் நம்பிக்கை என்னிடம் இருக்கிறது. அதை அதற்குரியவரிடம் ஒப்படைக்கும்வரை எனக்கு உறக்கமில்லை.