ஒரே ஒரு தடவை எங்ககிட்ட வாங்கும்மா

அம்மாவுக்கு வணக்கம். மூட்டு வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

எங்க ஆன்லைன் மருந்துக் கம்பெனியில வாங்கச் சொன்னப்போ, முக்குக் கடையே போதும்னுட்டே. கடைக்காரர் கவர் மேல "காலை ஒண்ணு, சாப்பிட்ட பிறகு"ன்னு எழுதித் தருவார், முட்டி எப்படின்னு கேட்பார்னே. இங்க குடோன்ல யாரும் யாரையும் எதுவும் கேட்கறதில்லை. ஆர்டர் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து, டப்பாவுல போட்டு ஒட்டணும், அவ்வளவுதான்.

நேத்து நம்ம தெரு டீச்சர் பேர்ல ஒரு சீட்டு என் மேஜைக்கு வந்துச்சு. கை சும்மா இருக்குமா? டப்பா மேல "சாப்பிட்ட பிறகு போடுங்க டீச்சர், வெயில்ல அலையாதீங்க"ன்னு எழுதிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துட்டார். "பார்சல் கட்டுறியா, லெட்டர் போடுறியா?"ன்னு கத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். டப்பாவை மாத்திட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லை, பயப்படாதே.

கடைக்காரரை விட்டுடாதேம்மா. ஆனா அடுத்த மாசம் ஒரே ஒரு தடவை எங்ககிட்ட ஆர்டர் போடேன். டாக்டர் சீட்டைக் கொடுத்தா பக்கத்து வீட்டு அக்கா ஃபோன்ல போட்டுத் தருவாங்க. இங்க ஐம்பது மேஜை இருக்கு, என் மேஜைக்கே வரும்னு சொல்ல முடியாது. வந்தா ஒண்ணும் எழுத மாட்டேன். உன் பேரை ஒரு தரம் வாய்விட்டுப் படிச்சுட்டு ஒட்டிடறேன்.

பெல் அடிச்சுட்டாங்க, வரேன்.

உன் மகன்