காலி ஆணி

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் நீங்கள் அடித்த மூன்று ஆணிகளும் அப்படியே இருக்கின்றன. கோலார் சுரங்கத்தில் இறங்கும்போது பித்தளை டோக்கனை எடுத்துப்போய், மேலே வந்ததும் பலகையில் மாட்டுவீர்கள். டோக்கன் தொங்கவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டிலும் அதே சட்டம்தான். உங்களுக்கு, எனக்கு, என் மகள் ஸ்டெல்லாவுக்கு என்று ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு ஆணி. மூன்றும் தொங்கினால்தான் சாப்பிட உட்காருவீர்கள்.

பிறகு அந்தச் சாவிகளை எண்ணுவதே உங்கள் வேலையாகிவிட்டது. குளித்தது மறந்தது, சட்டைக்குப் பொத்தான் போட மறந்தது. கேட்டவர்களிடமெல்லாம் வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்று மழுப்பினேன். அல்சைமர் என்று டாக்டர் சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று. கூட்டிப்போனால்தானே சொல்வார்! வெட்கம் அப்பா, வேறென்ன?

அல்சூர் ஏரிப் பக்கம் நீங்கள் வழி தெரியாமல் நின்ற அன்று, உங்கள் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் ஆணியைப் பார்த்ததும் அதைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள்.

"மேஸ்திரியக் கூப்பிடு. நான் இன்னும் மேல வரல."

இங்கேதானே இருக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். கடைசி நாள்வரை அதையேதான் சொன்னீர்கள். சாவியைத் திரும்ப மாட்டியிருந்தால் போதும் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

இப்போது என் கதையைக் கேளுங்கள். போன வாரம் சர்ச்சிலிருந்து திரும்பும்போது நம் தெரு எது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் கன்னடத்தில் கேட்டார், தமிழிலும் கேட்டார். நான் என் சாவியைத்தான் எடுத்துக் காட்டினேன். ஸ்டெல்லாதான் தேடி வந்து கூட்டிப்போனாள். நாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள்.

இன்று காலை பார்த்தால் என் ஆணி காலி.

"என்கிட்டயே இருக்கட்டும் மம்மி," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு நானும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது அப்பா. பீரோவைத் திறந்து உங்கள் சாவியை உங்கள் ஆணியில் மாட்டிவிட்டேன். நீங்கள் மேலே வந்தாயிற்று.

நாளைக்கு டாக்டரிடம் எதையும் மழுப்ப மாட்டேன், இது சத்தியம். ஸ்டெல்லாவிடமும் நினைவு இருக்கும்போதே சொல்லிவைப்பேன்: வீட்டுச் சாவியை நீயே வைத்துக்கொள், என் ஆணியில் ஏதாவது ஒரு பழைய சாவியைத் தொங்கவிடு.

உங்கள் பக்கத்து ஆணிக்காரி,
மகள் ரோஸி