வளையம் யார் கையில்?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் முதல் பக்கம் முழுக்கத் திட்டு, இரண்டாம் பக்கம் பாசம். திட்டுகிற பக்கத்தில்தான் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

பின்னறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டுவிட்டேன், வந்து என்னோடு இரு என்கிறாய். உன்னை விட்டால் எனக்கு யார்? வருவேன். ஆனால் இப்போது முடியாது. காரணம் சொன்னால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

என் ரயிலை நீ வந்து பார்த்ததே இல்லை. பார்க்காமலே அதற்குப் பொம்மை ரயில் என்று பெயர் வைத்துவிட்டாய். எஞ்சின் என் முழங்கால் உயரம்தான். ஆனால் நிஜக் கரி, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. ஒவ்வொரு திருகாணியும் நான் லேத்தில் கடைந்தது. பின்னால் பலகை வண்டிகள், இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். ஸ்டேஷனில் கிளம்பிக் குளத்தைச் சுற்றி, மண்மேட்டுக்கு அடியில் குகைக்குள் புகுந்து, மறுபடி ஸ்டேஷனுக்கே வந்து சேரும். ஒரே லைன். எஞ்சின் மட்டும் இரண்டு. பெரியது என்னுடையது, சின்னது உன் தம்பி மனைவியுடையது.

ஒருமுறை குகைக்குள் இரண்டு எஞ்சினும் முட்டிக்கொள்ளப் பார்த்தன. அதற்குப் பிறகுதான் அவள் சட்டம் போட்டாள். ஒரு பித்தளை வளையம் செய்யச் சொன்னாள். ஓட்டுகிறவர் கையில் வளையம் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் நிற்பவர் கையில் கொடுக்க வேண்டும், அவர் அதைக் கம்பத்து ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் வளையம் இருந்தால் லைனில் யாரும் இல்லை. இல்லாவிட்டால் லைனில் ஆள் உண்டு, அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒரே வண்டி என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம். வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு, "தங்க வளையல் வாங்கித் தரேன்னீங்க, கடைசியில பித்தளைதான் கெடைச்சுது"ன்னு கேலி செய்வாள். அன்றிலிருந்து அவளை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன்.

அவள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. வளையத்தை நானே எடுத்து நானே மாட்டுகிறேன். இப்போது சில நாளாக, எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்து பார்த்தால் ஆணியில் வளையம் இல்லை. கொட்டகையில் அவள் எஞ்சின் தார்ப்பாய் போர்த்தியபடி சில்லென்று நிற்கிறது. நான் சட்டப்படி காத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வளையம் ஆணியில் இருக்கும், தொட்டால் சூடாக இருக்கும்.

அவளை லைனில் விட்டுவிட்டு நான் எப்படி அக்கா வர முடியும்?

உன் தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவன் நீ. வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆணியைப் பார்த்திருப்பாய். வெயிலில் கிடந்த பித்தளை சூடாக இல்லாமல் ஐஸ்கட்டியாகவா இருக்கும்? வேளைக்குச் சாப்பிடாமல் கரிப்புகையில் உட்கார்ந்திருந்தால் ஆணி என்ன, அரண்மனைகூடத்தான் கண்ணுக்குத் தெரியும்.

எனக்குத் துணி தைக்கக் கொடுக்கும் அம்மாளின் மருமகன் பூங்கா நடத்துகிறார். இரண்டு எஞ்சினையும் தண்டவாளத்தோடு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பாய், தெரியும். அதனால் நானே வருகிறேன். உன் ரயிலில் ஒரு சுற்று சுற்றுகிறேன், போதுமா? பிறகு நீ என் பேச்சைக் கேட்க வேண்டும்.

எனக்கும் வயதாகிறது, தம்பி. தையல் மெஷின் நின்ற பிறகு இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தலையில் இன்னும் கரி வாசனை போகவில்லை.

உன்னிடம் நேரில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். முதலில் ஒன்று: உன் ரயில் பொம்மை இல்லை. அந்தச் சின்ன அடுப்பு வாயை நீ திறந்தபோது உள்ளே எரிந்த தீயைப் பார்த்து நான் ஓரடி பின்வாங்கிவிட்டேன். குளத்தங்கரையில் போகும்போது உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பது மாதத்தில் நீ நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இரண்டாவது சுற்றுக்கு, "நீ ஏறாத அக்கா, இன்னிக்கு நீதான் ஸ்டேஷன் மாஸ்டர்"னு சொல்லி என்னை நிறுத்திவிட்டுப் போனாய். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். குகை வாயிலிருந்து புகை வந்தது. எஞ்சின் சத்தம் வந்தது. கண்ணில் கரி விழுந்து நான் கசக்கிக்கொண்டிருக்கும்போது வளையம் என் கையில் வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டேன். கொடுத்த கை என் விரலில் பட்டது. சின்னக் கை. வண்டி என்னைத் தாண்டிப் போனது. கண்ணைத் திறந்தால் லைனில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் நீ குகையிலிருந்து வந்தாய். முகம் வெளுத்திருந்தது. "வளையம் கைநழுவிப் போச்சுக்கா, உள்ள எங்கேயோ விழுந்திருக்கு"ன்னு சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாய். நீ குனிந்து குனிந்து தேடிய நேரமெல்லாம் அது என் முந்தானைக்குள் இருந்தது.

ஆமாம், நான்தான் எடுத்து வந்தேன். திருடி என்று சொல்லிக்கொள். அங்கே என்னவோ இருக்கிறது, தம்பி. உன்னை அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கிறது. வளையம் இல்லாமல் நீ எஞ்சினை நகர்த்த மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பூங்காக்காரரை வரச் சொல்லவா?

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை.

அவள் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறாள். சட்டப்படி ஸ்டேஷனில் நின்றவள் கையில் வளையத்தைக் கொடுத்திருக்கிறாள். வாங்கியவள் ஆணியில் மாட்டவில்லை. மாட்டாதவரை லைன் மூடவில்லை. அவளால் இறங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது.

நீ போன நாளிலிருந்து குகைக்குள் விசில் கேட்கிறது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. உள்ளே வரலாமா என்று கேட்கிற விசில், அவளும் நானும் வைத்துக்கொண்டது. பட்டப்பகலில் கேட்கிறது. கரி கொண்டுவரும் ஆள்கூட மூட்டையை இறக்கிவிட்டு, "ஐயா, உள்ள யாரோ வண்டி ஓட்டுறாங்க போல"ன்னு கேட்டார்.

அவள் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் லேத்தை ஓடவிட்டிருந்தேன், காதில் விழவில்லை. இப்போது விழுகிறது. தயவுசெய்து அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது அனுப்புகிறேன். ஏன் என்று கேள்.

வளையத்தைத் தையல் மெஷினுக்கு மேலே, கத்திரிக்கோல் மாட்டுகிற ஆணியில் மாட்டியிருந்தேன். மாட்டிய மறுநாளே சுவரில் வட்டமாகக் கரி படிந்தது. துடைத்தேன், திரும்பவும் படிந்தது. கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளை ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டியதாயிற்று. நேற்று நான் தைத்துக்கொண்டிருக்கும்போது மெஷினை நிறுத்தினேன், சத்தம் நிற்கவில்லை. தடக் தடக்கென்று பின்னறைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏம்மா, என் தம்பியத்தான் விடமாட்டேங்குற, என்னையுமா?"ன்னு சுவரைப் பார்த்துக் கேட்டேன். கேட்ட பிறகு அழுகை வந்துவிட்டது. பாவம், கையை நீட்டிக் கொடுத்தவளை நடுவழியில் நிற்க வைத்தது நான்தானே. உயிரோடு இருந்தபோது என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள்.

வளையத்தைப் பஞ்சில் சுற்றி, கெட்டித் துணியில் வைத்து நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்துவிட்டேன். நாளை தபாலாபீஸ் விடுமுறை. அடுத்த நாள் முதல் வேலையாக நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போடுகிறேன். அது வரும்வரை நீ எஞ்சினைத் தொடாதே. வளையம் இல்லாமல் குகைக்குள் போகாதே. என் தலைமேல் சத்தியம்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கெட்டிக்காரி. அனுப்பிவிட்டாயே. இன்று விடிந்ததும் பார்த்தேன், வளையம் ஆணியில் இருக்கிறது. விசில் நின்றுவிட்டது. அவள் இறங்கிவிட்டாள், அக்கா.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆணி காலி. பயந்துபோய்க் கொட்டகைக்கு ஓடினேன். வளையம் என் எஞ்சினின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. உள்ளே நெருப்பு நான் மூட்டவில்லை, எரிந்துகொண்டிருந்தது. என் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் தூசி துடைத்திருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவள் போய்விட்டு வரும்வரை நானும், நான் வரும்வரை அவளும் காத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒரே வண்டியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம் என்ற சட்டத்தை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

உன் சத்தியத்தை மீறவில்லை, வளையம் கையில் இருக்கிறது. கரிக்காரர் வந்திருக்கிறார், இதை அவரிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். இனி எனக்கு இங்கே ஒன்றும் இல்லை. உன்னிடமே வந்துவிடுகிறோம். அறையைத் தயாராக வை.

தம்பி


மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

கடிதம் இன்று காலையில்தான் வந்தது. வாசலிலேயே படித்தேன். உள்ளே ஓடி வந்து பார்த்தால் நான் தைத்த பொட்டலம் மேஜைமேலேயே இருக்கிறது. காலில் வீக்கம், ஐந்து நாளாகத் தபாலாபீஸ் போக முடியவில்லை. நான் அதை அனுப்பவே இல்லை, தம்பி.

தூக்கினால் கனமே இல்லை. தையலைப் பார்த்தேன். என் கைத்தையல் எனக்குத் தெரியாதா? ஒரு நூல்கூட விடவில்லை. பிரித்தேன். பஞ்சு இருந்தது. நடுவில் வட்டமாகக் கருகியிருந்தது.

மதியம் கரிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். உன் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினபோது எஞ்சின் குகை நடுவில் நின்றதாம். கொதித்துக்கொண்டிருந்ததாம், ஆனால் யாரும் இல்லையாம். மண்மேடு, குளம் எல்லாம் தேடிவிட்டார்களாம். "அம்மா, மனசத் தேத்திக்குங்க"ன்னு சொல்லிவிட்டு அந்த ஆள் உட்கார்ந்து அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் தலைக்கு மேலே கத்திரிக்கோல் ஆணியில் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

அவர் போன பிறகு தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

நீதானே எழுதினாய், ஆணியில் வளையம் இருந்தால் லைனில் யாரும் இல்லை என்று. அப்படியென்றால் வந்து சேர்ந்துவிட்டீர்கள். பின்னறைக் கதவு நான் திறந்துதான் வைத்திருந்தேன், இப்போது உள்ளே தாழ் போட்டிருக்கிறது. கட்டில் ஒரு முறை முனகியது. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தூர வழி வந்தவர்கள், தூங்கட்டும் என்று தோன்றியது.

அம்மாடி, அன்றைக்கு உன் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டாமல் போனேன். இன்று மாட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இனிமேல் யார் கேட்டாலும் அதை நான் கழற்ற மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். படித்துவிட்டு மெதுவாக எழுந்து வாருங்கள். டீ போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஆறிப்போனால் சுட வைத்துத் தருகிறேன்.

உங்கள் அக்கா