பட்டியலின் முதல் இடம்

பயண நாள் 203. திங்கள், 07:10
படுக்கைகள்: 12, நலம். காற்று, நீர், மின்சாரம் சரி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் கோமதி, 'வெண்ணாறு' கப்பலின் நிரல் பொறியாளர். சனியின் நிலவு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பேர் உறைதூக்கத்தில் இருக்கிறார்கள். விழித்திருப்பது நானும் மாசானமும் மட்டும். அவனுக்குக் குழாய்களும் இணைப்புகளும், எனக்கு நிரல்கள். சமையல் முறை வைத்து. அவன் முறை வரும்போது உப்பை நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

தூங்குகிறவர்களில் ஒருவர் என் கணவர் சங்கரலிங்கம், எனக்கு லிங்கம். அவருடைய நாடித்துடிப்பை ஞாயிறு காலை மட்டும் திரையில் பார்ப்பது என்று எனக்கு நானே விதி போட்டிருக்கிறேன். முதல் மாதம் தினமும் பார்த்தேன், பார்த்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. மற்ற நாள்களில் மொத்தக் கணக்கு வரி ஒன்று போதும்.

பயண நாள் 210. திங்கள், 09:40
படுக்கைகள்: 12, நலம்.

மாசானத்துக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. இன்று காலை குடல்வால் வெடித்துவிட்டதாகக் கருவி காட்டியது. எங்கள் மருத்துவர் கீழே தூங்குகிறார். அவரை எழுப்பப் பன்னிரண்டு நாள் ஆகும், இவனுக்கு இரண்டு நாள்கூட இல்லை. தரைக் கட்டுப்பாட்டின் பதில் 09:25க்கு வந்தது:

"கோமதி, வேற வழி தெரியலம்மா. மாசானத்த ஸ்பேர் படுக்கையில தூங்க வச்சிருங்க. போய் எறங்கினதும் டாக்டர் ஆபரேஷன் பண்ணிடுவாரு."

பயண நாள் 210. திங்கள், 13:20
மாசானத்தைப் பதின்மூன்றாம் படுக்கையில் விட்டேன். என் கணவரின் படுக்கைக்கு அடுத்தது அதுதான். மூடி இறங்கியபின் உள் ஒலிவாங்கியில் பேசினான்:

"பயப்படாதிய மதினி. நான் பக்கத்துல தான கெடக்கப் போறேன். அண்ணாச்சிய நான் பாத்துக்கிடுதேன்."

எந்தப் படுக்கைக்கு வெப்பம் தர வேண்டும் என்பது கான்ஃபிக் என்கிற அமைப்புக் கோப்பில் ஒரு பட்டியலாக இருக்கிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது முதலில் படிப்பது அதைத்தான். மூலக் கோப்பு பூமியிலேயே முத்திரையிடப்பட்டது, தொட முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு கூடுதல் கோப்பு எழுத வேண்டும், நிரல் அதை முன்பிருக்கும் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளும். கூடுதல் கோப்பில் மாசானத்தின் பெயரை மட்டும் எழுதி, நிரலை மறுபடி ஓட்டினேன். ஒரு வரி வேலை. திரை பச்சை.

படுக்கைகள்: 12, நலம்.

பயண நாள் 213. வியாழன், 07:05
படுக்கைகள்: 12, நலம். குழாய் வேலையும் இப்போது என் தலையில்.

அவனுடைய உப்பில்லாத சாம்பாரைக்கூடத் தேடுகிறது. ஒருமுறை கீழே போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. விதி விதிதான். ஞாயிறு வரட்டும்.

பயண நாள் 216. ஞாயிறு, 08:02
நாடித்துடிப்புத் திரையின் முதல் வரியில் மாசானம் என்று இருக்கிறது. முதல் வரி லிங்கத்துடையது. பக்கம் தவறு என்று நினைத்து மூடித் திறந்தேன். மறுபடியும் மாசானம். கடைசி வரை பார்த்தேன். பன்னிரண்டு வரி. லிங்கம் இல்லை.

கீழே போகிறேன்.

பயண நாள் 216. ஞாயிறு, 11:30
எழுத வேண்டும், எழுதாமல் இருக்க முடியாது.

நிரல் இரண்டு பட்டியல்களையும் ஒட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது, இடத்துக்கு இடம். நான் எழுதிய ஒரே பெயர் முதல் பெயர். அது மூலப் பட்டியலின் முதல் பெயர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பட்டியலில் இல்லாத படுக்கைக்கு மின்சாரம் வீண் என்று நிரல் நிறுத்திவிட்டது. அபாய மணியும் அதே பட்டியலைத்தான் படிக்கிறது, அதனால் அது அடிக்கவில்லை.

வெப்பம் இல்லாமல் ஒரு படுக்கை நாற்பது மணி நேரம் தாங்கும். ஆறு நாள் ஆகிவிட்டது.

பதின்மூன்று என்று இருக்க வேண்டும். ஏழு மாதமாகப் பன்னிரண்டு என்று எழுதிய கை, அன்றும் பன்னிரண்டு என்று எழுதியது. மேலே பாருங்கள், என் கையெழுத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் பக்கத்தைத் திறந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன். பெரிய கட்டுப்பாட்டுக்காரி நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூலப் பட்டியலை எழுதியவளும் நான்தான். அகர வரிசையில் போடச் சொன்னார்கள். அப்படிப் போட்டிருந்தால் அவர் நாலாவது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று, ஆசைக்கு, அவரை முதலில் போட்டேன்.

பயண நாள் 217. திங்கள், 10:15
எல்லாப் பெயர்களையும் கூடுதல் கோப்பில் முழுதாக எழுதிவிட்டேன். முதல் இடத்தில் சங்கரலிங்கம்.

படுக்கைகள்: 13. ஒன்றில் துடிப்பு இல்லை.

பயண நாள் 225. செவ்வாய், 19:40
தரையிலிருந்து இன்று மூன்றாம் முறை:

"கோமதி, எங்களுக்குப் புரியுதும்மா. ஆனா அந்தப் படுக்கைக்குப் போற கரண்ட் மத்தவங்களோடது. நீங்களே அந்தப் பேர எடுத்திருங்க. நிரல மாத்திக் குடுக்கலாமான்னா, பாதி வழியில அதத் தொட யாருக்கும் இங்க துணிச்சல் இல்ல."

நியாயம்தான். மாலை வரை விசைப்பலகை முன்னால் இருந்தேன். இடத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன். முதல் இடம் காலியாக இருந்தால் பட்டியல் அங்கேயே முடிந்தது என்று நிரல் நினைத்துக்கொள்கிறது, ஒருவருக்கும் வெப்பம் போகாது. அங்கே யார் பெயராவது இருந்தே ஆக வேண்டும். யாராவது மறுபடி ஒற்றைப் பெயர் எழுதினால் முதலில் அழிவது அந்த இடம்தான், மற்றவர்கள் பெயரை அங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்றும் எடுக்கவில்லை.

பயண நாள் 240. புதன், 08:30
என் காவல் முடிகிறது. ஸ்டெல்லா, அடுத்த காவல் உன்னுடையது, இது உனக்கு. உன்னை எழுப்பிவிட்டேன், கண் தெளிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் படுத்துவிடுவேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

லிங்கத்தின் பெயரை எடுத்துவிட்டேன். படுக்கையைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

கூடுதல் கோப்பில் ஒரு பெயரை மட்டும் ஒருபோதும் எழுதாதே. முழுப் பட்டியலையும் எழுது. எழுதியபின் கீழே போய் விரல் விட்டு எண்ணு. உனக்குப் பின் நாலு பேர் காவல் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் சொல். யாராவது ஒருவர் மறப்பார். நானும் கவனமானவள் என்றுதான் பெயர்.

மாசானம் எழுந்ததும் முதலில் அண்ணாச்சியைத்தான் கேட்பான். நீ ஒன்றும் சொல்லாதே, நானே சொல்ல வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

முதல் இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். யாராவது மறந்தால் அது என்னோடு போகட்டும்.

படுக்கைகள்: 12.