மாம்பழம் தீர்ந்தும் போகாத நாத்தனார்

ஆம்பூர், 1933 மே 28, ஞாயிறு

நாத்தனார் வந்து இறங்கிவிட்டாள். வருஷா வருஷம் சித்திரையிலேயே வருகிறவள், இந்தத் தடவை வைகாசி பாதி போன பிறகு. ரயிலை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி தேவகி, உங்க ஊரு தோல் நாத்தம் இன்னும் போவலியா?" என்றாள். உங்க ஊராம். இவள் பிறந்தது எங்கே? இவள் தம்பி, என் வீட்டுக்காரர், தோல் பதனிடுகிற ஷாப்பில் குமாஸ்தா வேலை பார்த்துத்தான் இவளுக்கு மாம்பழம் வாங்கிப் போடுகிறார். பட்டணத்தில் குடித்தனம் பண்ணினால் மூக்கும் மாறிவிடும் போலிருக்கிறது.

ஜூன் 1, வியாழன்

பாலாற்று மணலில் விளைந்த கிர்ணிப்பழம், இந்தக் கோடைக்கு இதுதான் கடைசி. வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, மண்சட்டியில் குளிர வைத்துக் கொடுத்தேன். "எங்க பட்டணத்துல இதுக்கு ஐஸ் போடுவோம்" என்றாள். ஐஸ் இல்லாத குறையோடேயே சட்டியை வழித்தெடுத்தாள்.

ஜூன் 6, செவ்வாய்

கருவாட்டுக் குழம்பு, மாங்காய் போட்டு. காய் சீசன் முடிகிறது. புளிப்புள்ள மாங்காய் இனி தேடினாலும் கிடைக்காது என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். நாத்தனார் மணையில் உட்கார்ந்தபடியே மிளகாயைக் குறை, எண்ணெயை ஊற்று என்று அதிகாரம் பண்ணினாள். ஒரு வெங்காயம் உரித்திருப்பாளா?

இதே சமையலறையில்தான் சில வருஷங்களுக்கு முன் என் காதில் கேட்கும்படியே இவரிடம் சொன்னாள்: "இவளுக்கு இனிமே கொழந்த பொறக்காது. இன்னோர்த்திய கட்டிக்கோடா தம்பி." இவர் கட்டிக்கொள்ளவில்லை. என் மேலுள்ள ஆசையால் என்று நான் ஏமாறவில்லை. பெண் பார்க்கப் போக வேண்டுமே, அந்தச் சோம்பல்தான்.

ஜூன் 11

ஏலகிரிப் பலாப்பழம் வந்தது. பாதிக்கு மேல் அவளே. இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எனக்கு ஓமம் வறுக்கும் வேலை.

ஜூன் 15, வியாழன்

தெருவில் கோடைக்கு வந்த உறவுகள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று. பங்கனபள்ளி மாம்பழம் தீர்ந்துவிட்டது. சந்தையில் இனி நீலம் மட்டும்தான். இவள் மூட்டை கட்டுகிற வழியைக் காணோம். சாடையாகக் கேட்டுப் பார்த்தேன்: "அண்ணி, பட்டணத்துல அண்ணா சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவாரு?"

"அவருக்கு இன்னா கொறச்சல்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இலையில் மாம்பழத் துண்டு அப்படியே கிடந்தது. தின்ன மாட்டேன் என்று இவள் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 18, ஞாயிறு

அடுத்த வீட்டு அன்வரி பேகம் மதில் மேலாகக் கத்திரிக்காய் கொடுத்தாள். கூடவே சேதியும். அவள் வீட்டுக்காரர் வாஹித் பாஷா தோல் பேரத்துக்குப் பட்டணத்துப் பெரியமேட்டுக்குப் போய் வருகிறவர். "உங்க நாத்தனார் வூட்டுக்காரரு இன்னொரு சம்சாரம் கொணாந்து வெச்சிக்கினாராமே. சின்னப் பொண்ணாம். பங்குனிலருந்து அதே வூட்லதானாம். உனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் எழுதுவானேன்? நன்றாகவே சிரித்தேன். அன்வரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உள்ளே வந்தேன். நாத்தனார் பலாக்கொட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள் – கேட்காமலே, குழம்புக்கு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சிபோச்சா? சிரிடி. உன் தலையில வெக்கப் பாத்தேன், என் தலையில வுழுந்துச்சி."

அவள் வாயால் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. "நல்லா உரிங்க அண்ணி, கொட்டைல தோல் நிக்குது" என்றேன். வேறென்ன சொல்வது? அவள் அழுதாள், உரித்தாள். நான் மசாலா அரைத்தேன். மன்னித்துவிட்டேனா? இல்லை. ஆனால் நல்ல குழம்பு.

ஜூன் 25, ஞாயிறு

கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

நாத்தனார் புருஷன், அந்த மனுஷர் ரத்தினசாமி வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், வாயில் வெற்றிலை. பெண்டாட்டியை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, "இன்னா சமையல்?" என்று கேட்டார். எண்ணெய்க் கத்திரிக்காய், முருங்கைக்காய்ச் சாம்பார், நீலம் பழம். மாப்பிள்ளை விருந்து மாதிரி எங்கள் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அக்காள் புருஷனுக்கு விசிறுகிற கை, அக்காள் கண்ணைத் துடைக்க நீளவில்லை.

ஏப்பம் விட்ட பிறகு ரத்தினசாமி விஷயத்துக்கு வந்தார். "சௌந்தரம், சாயங்கால ரயிலுக்குக் கெளம்பு. அது மாசமா இருக்குது. அடுப்புகிட்ட நிக்க முடியல. ஒத்தாசைக்கு ஆள் வோணும்."

ஒத்தாசைக்கு. கட்டின பெண்டாட்டி, பின்னால் கொண்டுவந்தவளுக்குச் சமைத்துப் போட வேண்டும். சாப்பிட்ட கை காய்வதற்குள் அதைச் சொல்கிறார்.

இவர் உடனே, "போக்கா. ஊட்டு ஆம்பள வந்து கூப்புடறாரு, அதுக்கு மேல இன்னா மரியாத வோணும்" என்றார். இப்படியும் ஒரு தம்பி.

நாத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து புடவையை மடிக்கப் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. அது எனக்கு ஏன் வரவேண்டும்?

அவர் இலையைத் தட்டி, "இன்னொரு பழம் வைம்மா தேவகி" என்றார்.

"பழம் ஆயிப்போச்சு."

கூடை அவர் கண்ணெதிரே இருந்தது, நிறைய. அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணியும் வரமாட்டாங்க" என்றேன்.

"அத நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். அவங்க இங்கதான் இருக்கப்போறாங்க. ஒத்தாசைக்குக் கூலிக்கு ஆள் கெடைக்கும், பட்டணத்துல தேடுங்க."

இவர் "தேவகி" என்று அதட்டினார். அதற்குள் நாத்தனார் குனிந்து புருஷனுடைய எச்சில் இலையை எடுத்தாள். "கை கழுவிக்குங்க. ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

தனியாகத்தான் போனார்.

ஜூன் 28

இவர் என்னோடு பேசுவதில்லை. வேளா வேளைக்குச் சாப்பிட மட்டும் வருகிறார்.

ஜூலை 9, ஞாயிறு

இரண்டு நாளாக மேகம் கட்டுகிறது. சந்தையில் கடைசி மாங்காய், பாதி வெம்பல். வற்றல் போடலாம் என்று வாங்கி வந்தேன். இவர் வாய் திறந்து, "இந்த வருஷம் ஜாஸ்தியா இருக்குதே" என்றார். நான் கூடையை நாத்தனார் பக்கம் நகர்த்தினேன். அவராகவே புரிந்துகொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

நாத்தனார் அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்கினாள். நறுக்கலா அது? விறகு பிளந்த மாதிரி தடிதடியாக. "இது காயறதுக்குள்ள தீவாளி வந்துடும். மெல்லிசா போடுங்க அண்ணி" என்றேன்.

"எல்லாம் காயும். மழைக்காலத்துல நானும்தானடி துன்னப்போறேன்" என்று சொல்லி, அடுத்த காயை எடுத்தாள்.